கணக்கில் வராத காற்று

ட்ரூப் போகும் ஏற்றத்தில் மஞ்சள் எரிந்தது.
சின்னதாய் ஒரு என்ஜின் படம்,
எனக்குக் கேத்தல் போலத்தான் தெரிந்தது.

மஞ்சள் என்றால் ஓடலாம்,
மினுங்கினால் ஓரம் கட்டு,
சிவப்பென்றால் அந்த இடத்திலேயே இறங்கிவிடு.
துஷாந்தினி போனில் சொன்னது இவ்வளவுதான்.
மினுங்கவில்லை. ஓடினேன்.
இன்னும் ஏழு வீடு இருந்தது,
ஒன்றில் இன்சுலின், மற்றதில் இறுக்கமான காலுறை,
எல்லாவற்றிலும் மணிக்கூடு.

லங்னவ் கராஜில் ட்சௌக் பத்து விநாடி செருகிப் பார்த்தார்.
ஒட்சிசன் சென்சார் என்றார். அறுநூற்று நாற்பது பிராங்க்.
பிறகு சொல்கிறேன் என்று
சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிருபா மச்சானிடம் விரல் நீளத்தில் ஒரு கருவி,
பத்தொன்பது பிராங்குக்குத் தபாலில் வந்தது.
ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில்
அதற்கென்றே ஒரு வாய் இருந்திருக்கிறது,
ஒன்பது வருடமாய் எனக்குத் தெரியாமல்.
"அழிச்சுவிட்டால் சரி மச்சாள்."
அழித்தான். மஞ்சள் போனது.
வியாழக்கிழமை, பனி தூறிய காலையில்
தவணை கேட்டு வந்தவன்போல்
திரும்ப வந்து நின்றது.

அப்போதுதான் இருந்து வாசித்தேன்.
பி, சைபர், ஒன்று, ஏழு, ஒன்று.
பி என்றால் வண்டியை ஓட்டும் பகுதி.
சைபர், எல்லாக் கம்பனிக்கும் பொதுவான பாஷை.
ஒன்று, காற்றும் எரிபொருளும்.
எழுபத்தொன்று: கலவை மெலிந்துவிட்டது.

மெலிந்துவிட்டது, அவ்வளவே.
எந்தப் பாகம் பழுது என்று அதில் இல்லை,
யார் முறைப்பாடு கொடுத்தது என்று மட்டும் இருக்கிறது.
புகைக்குழாயின் சூட்டுக்குள் நின்றுகொண்டு
காற்றுக் கூடிப்போச்சு, காற்றுக் கூடிப்போச்சு என்று
உள்ளதைச் சொன்ன சென்சாரைத்தான்
கழற்றி எறிய விலை சொல்லியிருக்கிறார் ட்சௌக்.
சாட்சிக்காரனைப் பிடித்து உள்ளே போடுவது
எந்த ஊரிலும் சுலபம்தான்.

வாசலில் ஒன்று காற்றை அளந்து உள்ளே விடுகிறது.
இவ்வளவு காற்று, ஆகவே இவ்வளவு பெட்ரோல்.
அளந்த இடத்துக்கு அப்பால் எங்கோ ஒரு வெடிப்பு;
அதால் நுழைந்ததை எவரும் எண்ணவில்லை.
என்ஜினின் மூளை பெட்ரோலைக் கூட்டிப் பார்க்கிறது,
நூற்றுக்குப் பத்து, பதினெட்டு, இருபத்தைந்து.
அதற்கு மேல் கூட்ட அதற்கு அனுமதி இல்லை.
கைவிட்டு, விளக்கைப் போடுகிறது.

இன்னொன்றும் சேமித்திருந்தது,
வியாழக்கிழமை அந்தக் கணத்தின் நிலவரம்.
சுற்று எழுநூற்றுத் தொண்ணூறு.
தண்ணீர் எண்பத்தெட்டு பாகை.
வேகம் சைபர்.

வேகம் சைபர், என்ஜின் ஓடுகிறது.
எனக்கு இடம் தெரியும்.
லீக்தி அம்மையார் வீட்டு முன், வேலியோரம்.
எட்டுப் பத்துக்கு நான் உள்ளே நின்றிருக்க வேண்டும்.
வைப்பரைக்கூட நிறுத்தாமல்
கைகளை மடியில் போட்டு அப்படியே இருந்தேன்.
அழவில்லை. எதையும் யோசித்ததாகவும் நினைவில்லை.
நிமிடங்களை ஐந்தைந்தாக எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது;
எந்தப் பெட்டிக்குள்ளும் அந்த நான்கு நிமிடத்தை நான் போடவில்லை.
வண்டி எழுதி வைத்திருக்கிறது.

சனிக்கிழமை பொனெட்டைத் திறந்து
என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தேன்.
வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால்
ஸ்ஸ் என்றொரு சத்தம்,
பல்லிடுக்கால் மூச்சை இழுப்பதுபோல்.
விரலை வைத்தேன். சத்தம் நின்றது, என்ஜின் சுருதி மாறியது.
எடுத்தேன். வைத்தேன்.
சும்மா ஐந்தாறு தரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.
சுண்டுவிரல் தடிப்பில் ஒரு ரப்பர் குழாய்,
வளைவில் குதிகால் போல வெடித்திருந்தது.
புதியது பதினான்கு பிராங்க் இருபது.

ஞாயிறு முழுக்க ஓடிப் பார்த்தேன், மஞ்சள் இல்லை.
திங்கள் எட்டுப் பத்துக்கு அதே வேலியோரம்,
இந்த முறை என்ஜினை அணைத்துவிட்டு இருந்தேன்.
எங்கும் பதியாத நான்கு நிமிடம்
என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே
மேல் ஜன்னலில் திரைச்சீலை விலகியது.
லீக்தி அம்மையார்
தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.